முதுகு ஊசிக்கு முன் ஐந்து கேள்விகள்

1. அங்கி

எங்கள் லேபர் ரூமில் தாய்மாருக்குக் கொடுக்கும் பச்சை அங்கிக்கு நாடா முதுகுப் பக்கம் வரும். அன்று காலை நான் டியூட்டி எடுத்தபோது மூன்றாம் கட்டிலில் இருந்த பிள்ளை அதை முன்பின்னாக மாற்றிப் போட்டு, நெஞ்சுப் பக்கத்தை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெயர் தர்சிகா, வயது முப்பத்திரண்டு, முதல் பிள்ளை. கர்ப்பப்பை வாய் நான்கு சென்ரிமீற்றர் திறந்திருப்பதாகக் கட்டில் டிக்கெட்டில், நோயாளிக் குறிப்பில், எழுதியிருந்தது.

“மகள், நாடா பின்னால வரணும்,” என்றேன்.

“இப்பிடியே இருக்கட்டும் மிஸ்.”

அங்கியை எப்படிப் போட்டால் என்ன, பிள்ளை வருகிற வழி ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. அவளுடைய மாமியார் அப்போது கீழே அட்மிஷன் கவுண்டரில் நின்றார். அந்த நேரத்தில் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இதை எத்தனையோ நாள் படுக்கையில் கிடந்து யோசித்துவிட்டேன். யோசித்து என்ன பிரயோசனம்.

நான் கொழும்பு, கொட்டாஞ்சேனைக்காரி. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சியாக இருந்து பென்சன் எடுத்த பிறகு, கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிழமைக்கு நான்கு நாள் வேலை செய்கிறேன். அங்கே டொக்டர்மாரும் தாதிமாரும் முக்கால்வாசிப் பேர் சிங்களவர்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் தமிழ்த் தாய் ஒருத்தி வந்தால் “தெமள மிஸ் எங்கே?” என்று தேடுவார்கள். அந்தத் தமிழ் மிஸ் நான்தான். எனக்குப் பிள்ளை பெறுவிக்கிற வேலை பாதி, மொழி மாற்றிச் சொல்லுகிற வேலை பாதி. முதல் பாதியில் நான் இதுவரை பெரிய பிழை விட்டதில்லை. இந்தக் குறிப்பு இரண்டாவது பாதியைப் பற்றியது. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் வாசிக்கவேண்டும் என்று எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

2. எல்லோருக்கும் விருப்பம், அவளைத் தவிர

எபிடியூரல் என்கிற முதுகு ஊசியைப் பற்றி எங்கள் சனத்துக்கு ஆயிரம் கதை உண்டு. வாழ்நாள் முழுக்க நாரி, இடுப்பின் பின்பக்கம், உளையும் என்பார்கள். பிள்ளை மந்தமாகப் பிறக்கும் என்பார்கள். வழக்கமாக ஊசி கேட்டு அழுவது பிள்ளை பெறப்போகிறவள், “நாங்களெல்லாம் பெறேல்லையோ?” என்று குறுக்கே நிற்பது மாமியார். அந்தச் சண்டையைத் தீர்த்துத் தீர்த்தே எனக்குத் தலை நரைத்தது.

தர்சிகாவின் கட்டிலடியில் நடந்தது நேர் எதிர். மாமியார் பரமேஸ்வரி அம்மா, அறுபத்தைந்து வயதிருக்கும், யாழ்ப்பாணத்து மனுசி, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் முப்பத்தைந்து வருடமாக இருக்கிறவர். அறைக்குள் வந்ததும் என் பெயர்ப் பட்டியைப் பார்த்து, தமிழ்தானா என்று கேட்டு, ஓம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கடவுளே எண்டு ஒரு தமிழ் மிஸ் கிடைச்சிட்டா. இனி எனக்குப் பயமில்லை. மிஸ், இவவுக்கு அந்த முதுகு ஊசியைப் போட்டுவிடுங்கோ. நான் மூண்டு பெத்தனான். மூண்டும் செத்துப் பிழைச்சது. என்ர மருமகளுக்கு அந்தப் பாடு வேண்டாம்.”

மகன் கோபி சுவிஸில் இருந்தான். கலியாணம் முடித்து, ஒரு வருடத்துக்குப் பிறகு லீவில் வந்து போய், இப்போது மனைவியைக் கூப்பிடுவதற்கு அலுவல் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் போனில் முகம் காட்டிச் சொன்னான்: “மிஸ், இஞ்ச எல்லாரும் அதுதான் போடுகினம். அவ பயப்பிடுறா. நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கோ.”

“எனக்கு வேண்டாம். நான் தாங்குவன்,” என்றாள் தர்சிகா.

இப்படி ஒரு மாமியார் கிடைக்க நீ கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்று நான் அவளைப் பகிடி பண்ணினேன். பரமேஸ்வரி அம்மா பிளாஸ்கில் கொண்டுவந்த மல்லித் தண்ணியை அவளுக்குப் பருக்கினார், எனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தந்தார். நோவு வரும்போதெல்லாம் “நாரியைத் தடவிவிடட்டே பிள்ளை?” என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் அவள் முதுகை மெத்தையோடு அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். மாமியாரின் கை பட வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

3. அவள் சொன்னது

மத்தியானம் பன்னிரண்டரை அளவில் நிலைமை மாறியது. பிள்ளை முகம் மேலே பார்த்தபடி இறங்கிக்கொண்டிருந்தது. அப்படி இறங்கினால் நோவு வயிற்றில் நிற்காது, முழுவதும் நாரிக்குப் போய்விடும். இடைவெளியும் குறைவு. எத்தனையோ பெண்களை அந்த நோவில் பார்த்திருக்கிறேன், காலால் உதைத்திருக்கிறார்கள், என்னைக் கடித்தும் இருக்கிறார்கள். இவள் கத்தவில்லை. தலையணை உறையைப் பல்லால் கிழித்துவிட்டாள்.

பரமேஸ்வரி அம்மாவுக்கு மகனிடமிருந்து கோல் வந்தது. உள்ளே சரியாகக் கேட்கவில்லையென்று கொரிடோருக்குப் போனார். கதவு சாத்தியதும் தர்சிகா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மிஸ், என்னால ஏலாது. ஊசி போடுங்கோ. ஆனா என்ர முதுகில ஷெல் துண்டு இருக்கு.”

நான் அவள் பக்கம் குனிந்தேன்.

“நான் பத்தாம் வகுப்புப் படிக்கேக்க விழுந்த ஷெல். ரெண்டு துண்டு எடுத்தவை. மிச்சம் உள்ளுக்க இருக்காம். நாரிக்குக் கிட்ட. மாமிக்குத் தெரியாது மிஸ். நான் சண்டை நேரம் யாழ்ப்பாணத்தில பெரியம்மா வீட்டில நிண்டு படிச்சனான் எண்டு சொல்லித்தான் கலியாணம் பேசினது. வன்னிப் பிள்ளை, சண்டைக்குள்ள நிண்ட பிள்ளை, வேண்டாம் எண்டு அவ முதலே சொன்னவவாம்.”

“உங்க மிஸ்டருக்குத் தெரியுமா?”

“தெரியும். பேச்சு நடக்கேக்கயே போனில சொன்னனான். பிறகு கண்ணாலயும் கண்டவர்தானே. அம்மாட்ட மட்டும் சொல்லாதயும் எண்டு அவர்தான் சொன்னவர். அந்தத் துண்டுக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தம் இருக்கெண்டு அவருக்கு விளங்கேல்லைப் போல.”

“கிளினிக்கில ஏன் மகள் சொல்லல?”

“கிளினிக்குக்கும் மாமிதானே கூட வந்தவ.”

ஒன்பது மாதமும் ஒவ்வொரு முறையும் அந்த நல்ல மனுசி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எங்களில் ஒருவர்கூட, “அம்மா, கொஞ்சம் வெளியே இருங்கள்” என்று சொல்லவில்லை.

“டொக்டருக்கு மட்டும் சொல்லுங்கோ மிஸ். மாமிக்குத் தெரியாம.”

“நான் பாத்துக்கிறன். நீங்க பயப்படாம இருங்க,” என்றேன். வாக்குக் கொடுத்தேன் என்றுதான் இதை எழுதவேண்டும்.

4. ஐந்தாவது கேள்வி

மயக்க மருந்து டொக்டர் ஒரு மணிக்குப் பிறகு வந்தார். இளம் வயது, கெட்டிக்காரி, தியேட்டரில் அடுத்த கேஸ் காத்திருந்த அவசரம். அவருக்குப் பின்னாலேயே பரமேஸ்வரி அம்மாவும் உள்ளே வந்து மருமகளின் தலைமாட்டில் நின்று வியர்வையைத் துடைக்கத் தொடங்கினார். மருமகள் ஊசிக்குச் சம்மதித்துவிட்டாள் என்றதும் அவர் முகத்தில் வந்த சந்தோசம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

முதுகு ஊசிக்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் ஐந்து. டொக்டர் சிங்களத்தில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். இரத்தம் உறையாத வருத்தம் உண்டா? இரத்தம் மெலிய மருந்து எடுக்கிறீர்களா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? காய்ச்சலோ முதுகில் புண்ணோ இருக்கிறதா? நான்குக்கும் இல்லை என்றாள். ஐந்தாவது, முதுகில் ஒப்பரேஷனோ காயமோ பட்டதுண்டா?

அவள் என்னைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் நான் செய்திருக்கவேண்டியது ஒன்றே ஒன்று. மாமியாரை ஐந்து நிமிடம் வெளியே போகச் சொல்லியிருக்கவேண்டும். எனக்கு வாய் வரவில்லை. காலையிலிருந்து தாய் மாதிரி நிற்கிற மனுசியை எப்படி அனுப்புவது, ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு சங்கடம். அதோடு எனக்கு ஒரு பழைய பழக்கம் இருந்தது. தமிழ்க் குடும்பத்துக்குத் தெரியவேண்டாம் என்று நினைக்கிறதை டொக்டரிடம் சிங்களத்தில் சொல்லிவிடுவேன். வடக்கிலிருந்து வருகிற சனத்திடம் இருபத்தொன்பது வருடமாக அது எனக்குப் பலித்திருக்கிறது. கூடவந்தவர்கள் சும்மா என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

டொக்டரைப் பார்த்து, நாளாந்தம் கதைக்கிற குரலிலேயே சொன்னேன்: “டொக்டர், கொந்தே ஷெல் கெலி தியெனவா. நெந்தம்மாட்ட கியன்ன எபா.”

முதுகில் ஷெல் துண்டு இருக்கிறது, மாமியாருக்குச் சொல்லவேண்டாம். அவ்வளவுதான் நான் சொன்னது.

வியர்வை துடைத்த கை நின்றது.

“மட்ட மொகக்த மிஸ், கியன்ன எபா கிவ்வே?”

எனக்கு என்ன சொல்லவேண்டாம் என்கிறாய் மிஸ், என்று கேட்டார் பரமேஸ்வரி அம்மா. சுத்தமான சிங்களம், என்னுடையதைவிடச் சுத்தம். காலை முழுவதும் என்னோடு தமிழில் கதைத்தது, தமிழ் மிஸ் கிடைத்த சந்தோசத்தில். வெள்ளவத்தையில் முப்பத்தைந்து வருடம் இருந்த மனுசிக்கு, பொலிஸ் பதிவுக்கும் மீன்காரனுக்கும் கரண்ட் பில்லுக்கும் தானே போய்வந்த மனுசிக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்தேன். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண் எப்படிக் காலம் தள்ளினாள் என்று எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? என் மடத்தனத்துக்கு ஒரு அளவே இல்லை.

5. போன்

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது, ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். ஜன்னல் பக்கம் போய் போனை எடுத்தார். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது.

“கோபி, தர்சிகாவுக்கு முதுகில ஷெல் துண்டு இருக்காம். யாழ்ப்பாணத்தில நிண்ட பிள்ளை எண்டுதானே எல்லாரும் சொன்னனீங்கள்? உனக்கு இது தெரியுமோ?”

கட்டிலில் தர்சிகாவுக்கு நோவு ஏறிக்கொண்டிருந்தது. மொனிட்டரில் பிள்ளையின் இதயத் துடிப்பு மட்டும் கேட்டது.

“கேக்கிறன் தம்பி. தெரியுமோ தெரியாதோ?”

“எனக்கென்னெண்டம்மா தெரியும்?” என்றான் கோபி. “எனக்குத் தெரியாது.”

ஒருத்தி பிள்ளையைத் தள்ளிக் கொண்டுவரப் படுகிற பாட்டின் நடுவே, அந்தப் பிள்ளையின் தகப்பன் சொன்ன வார்த்தை அது. நான் தர்சிகாவைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. எனக்கு அந்தப் போனைப் பிடுங்கி அவனை வாய்க்கு வந்தபடி ஏசவேண்டும் போல இருந்தது. ஏசவில்லை. ஏற்கெனவே ஒரு முறை வாயைத் திறந்து செய்த காரியம் கண்ணுக்கு முன்னால் நின்றது.

பரமேஸ்வரி அம்மா கட்டிலைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

டொக்டர் பழைய எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். “எல்லாம் அங்கயே விட்டிட்டு வந்தது மிஸ்,” என்றாள். துண்டு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் நாரியில் ஊசி ஏற்ற மாட்டேன், முன்கூட்டியே சொல்லியிருந்தால் படம் எடுத்து வழி பார்த்திருக்கலாம், இப்போது நேரம் கடந்துவிட்டது என்றார் டொக்டர். அவர் செய்தது சரி. நோவு குறையப் பெதடின் எழுதிவிட்டு, மூச்சில் இழுக்கிற காஸ் கொடுக்கச் சொல்லிவிட்டு, தியேட்டருக்கு ஓடினார்.

பெதடின் அந்த நோவை எடுக்காது. நோவுக்கு இடையில் ஒரு கிறக்கத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். ஊசியைக் கேட்பதற்காகத்தான் அவள் தன் இரகசியத்தை எனக்குத் தந்தாள். ஊசியும் கிடைக்கவில்லை, இரகசியமும் போய்விட்டது.

பின்னேரம் ஐந்தே முக்காலுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட, நல்ல அழுகை. கடைசி நேரத்தில் “கத்துங்க மகள், யாரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க,” என்றேன். அவள் கத்தவில்லை. பிறகு துடைத்துவிடும்போது முதுகைப் பார்த்தேன். இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுருங்கிக் கிடந்தது, பக்கத்தில் சின்னதாக இரண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளையின் முதுகில் அது எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்.

பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொரிடோருக்குக் கொண்டுபோனேன். பரமேஸ்வரி அம்மா அங்கேதான் இருந்தார். வாங்கி மடியில் வைத்து அழுதார். காலைத் தொட்டுக் கொஞ்சினார். பிறகு திருப்பித் தந்துவிட்டு, பக்கத்தில் இருந்த பையை என்னிடம் நீட்டினார்.

“பிள்ளையின்ர உடுப்பு. தோய்ச்சு மடிச்சுத்தான் வச்சிருக்கு.”

அடுத்த நாள் ஒருவரும் வரவில்லை.

6. துண்டு வெட்டின நாள்

மூன்றாம் நாள், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நேரம், அவளுடைய தாய் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்துசேர்ந்தார். அந்தப் பயணத்தில் கால் வீங்கியிருந்தது. கையில் சின்ன உரப்பை. மகளை ஒன்றும் கேட்கவில்லை, பேத்தியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். பச்சை உடம்புக்காரியை அதே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்று தெரிந்தபோது வான் ஒன்று பிடிக்கச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

தர்சிகாவிடம் தனியாகப் போய், “என்னை மன்னிச்சிருங்க மகள்,” என்றேன்.

“விடுங்கோ மிஸ்.”

அது மன்னிப்பா, அல்லது இனி உன்னோடு என்ன கதை என்பதா, எனக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தொப்பி கட்டிக்கொண்டே சொன்னாள்: “ஒண்டு மட்டும். அவருக்கு முதலே தெரியும் எண்டதை ஒருத்தரிட்டயும் சொல்லாதேங்கோ. நான் உங்களுக்கு மட்டும்தான் சொன்னனான்.”

இந்த முறை வாக்குக் கொடுக்கக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

7. சந்தையில்

எட்டு மாதம் கழித்து வெள்ளவத்தைச் சந்தையில் பரமேஸ்வரி அம்மாவைக் கண்டேன். மெலிந்துபோயிருந்தார். ஒதுங்கப் பார்த்தேன், அவரே கிட்ட வந்துவிட்டார். மருமகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பேத்திக்குப் பல் வந்திருக்குமோ என்று கேட்டார். கோபிக்கு டிவோர்ஸ் அலுவல் நடக்கிறது என்றார்.

“ஷெல் பட்டது அவளின்ர பிழையே மிஸ்? நான் அவ்வளவு பொல்லாதவளே? எனக்கு மறைச்சதைக்கூட மறந்திருப்பன். கட்டின புருசனுக்கும் மறைச்சவளோட என்ர பிள்ளை என்னெண்டு சீவிக்கிறது? அவனுக்குச் சொல்லியிருந்தாள் எண்டால், நானே கிளிநொச்சிக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்திருப்பன்.”

சந்தை இரைச்சலில் நின்று அதைக் கேட்டேன். அவனுக்குத் தெரியும் அம்மா. இந்த மூன்று சொல் போதும். அந்தக் குழந்தைக்குத் தகப்பன் வீடு திரும்பக் கிடைக்கும், இந்த மனுசிக்குப் பேத்தி கிடைக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“கொஞ்சம் பொறுங்க அம்மா, ஒரு கோல் எடுத்திட்டு வாறன்,” என்று சொல்லி மரக்கறிக் கடைகளைத் தாண்டிப் போய் தர்சிகாவுக்கு எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். “சொல்லட்டுமா மகள்? நீங்க ஓம் எண்டால் இப்பவே சொல்லுவன்.”

அவளுக்குப் பின்னால் பிள்ளை ஏதோ மழலையில் கத்துவது கேட்டது.

“வேண்டாம் மிஸ். எனக்கு உயிர் போற நேரம் என்னைத் தெரியாதெண்டு சொன்ன மனுசன். மாமி கூட்டிக்கொண்டு போய் அவரிட்டத்தானே விடுவா?”

“மாமிக்காகவாவது...”

“மாமி பாவம்தான். அவவுக்கு மகனாவது நல்லவனா இருக்கட்டும். வைக்கிறன் மிஸ்.”

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கேள்வி கேட்பதற்கு முன் கூட வந்தவர்களை வெளியே அனுப்புங்கள். தாயாக இருந்தாலும், புருசனாக இருந்தாலும், உங்களுக்கு மல்லித் தண்ணி தந்தவராக இருந்தாலும் அனுப்புங்கள். கதவைச் சாத்திவிட்டு அவளிடம் கேளுங்கள். அவள் சொன்னதை யாருக்குச் சொல்லலாம் என்பதையும் அவளிடமே கேளுங்கள். எங்கள் லேபர் ரூமில் இப்போது அதுதான் ஒழுங்கு. நான்தான் நின்று பிடித்துக் கொண்டுவந்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லவில்லை.

அன்று சந்தையில் பரமேஸ்வரி அம்மா நான் வரும்வரை அதே இடத்தில் காத்துநின்றார். நான் திரும்பிப் போய், நேரமாகிவிட்டது, வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். முதன்முறையாகத் தர்சிகாவிடம் கேட்டு, அவள் சொன்னபடி நடந்தேன். அதனால் யாருக்கும் ஒரு நன்மையும் வரவில்லை.